படகுத்துறையில் ஒரு பெயர்

மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார் படகுக்காரர்.

நீங்களே கூப்பிடுங்கள் என்று சைகை.

நான்கு மணிப் படகு. இதை விட்டால் அடுத்தது வியாழக்கிழமைதான். மகள் வேலை பார்க்கும் பெரிய தீவிலிருந்து ஊருக்கு விமானம் நாளைக் காலை.

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

ஜாதிக்காய் வாங்கி வருகிறேன் என்று போன கணவரைக் காணோம். அவருடைய செல்போன் அவளுடைய கைப்பையில் சமர்த்தாக இருக்கிறது.

இப்படி ஒரு மனிதர். தென்காசி ஸ்டேஷனிலும் இப்படித்தான். ரயில் ஊதிய பிறகுதான் அவருக்குத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வரும். இங்கே, கரீபியன் கடலில், சுற்றி வர அரைநாள்கூட ஆகாத தீவுக்கு வந்தும் அதே புத்தி.

படகுக்காரர் முதலில் தானே கூப்பிட்டுப் பார்த்தார். அதற்கு முன் பெயரைக் கேட்டார். அவள் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து நீட்டினாள்.

பதினெட்டு ஆங்கில எழுத்து. பாதி வழியிலேயே அவர் நாக்கு சிக்கிக்கொண்டது. ஒலிபெருக்கியில் வந்த பெயரை, வைத்தவர்களே அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் மைக் இப்போது அவள் கையில்.

முப்பத்து நான்கு வருடம்.

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அவரை முழங்கையால் இடிப்பாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் சீட்டில் எழுதிக் காட்டுவாள். சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சொல்லச் சொல்லி அவரும் கேட்டதில்லை. வாயில் வராது, அவ்வளவுதான். மகள் தன் புருஷனை வாடா போடா என்கிறாள். அதைக் கேட்டு இவளுக்குத்தான் வியர்க்கும்.

"ஏங்க!" என்றாள் மைக்கில்.

தீவு முழுக்கக் கேட்டது.

மணலில் படுத்திருந்த இரண்டு ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வேறு யாரும் வரவில்லை.

மாம்பழக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி அர்லீன். இரண்டு நாளாக இவளுக்குப் பழம் வெட்டிக் கொடுத்துப் பழகியவள். எழுந்து வந்து முதுகைத் தட்டினாள்.

"பேரச் சொல்லிக் கத்து, டார்லிங்!"

ஒருவர் படகின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"திருமலைக்கொழுந்து."

வெறும் மூச்சுதான் வந்தது. ஒலிபெருக்கி அதையும் விடாமல் ஊருக்குச் சொன்னது.

தன்னை அறியாமல் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பத்திரமாக இருந்தது.

"திருமலைக்கொழுந்து!"

இந்தத் தடவை குரல் வந்தது.

மூன்றாவது தடவை கத்தினாள். அர்லீனும் மாம்பழப் பெண்களும் கைதட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தி வாயிலும் ஒவ்வொரு விதமாக அந்தப் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே அவள் குரல். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நன்றாக இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு தடவை.

மீன் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார்.

இருபதடி தூரம்கூட இராது. ஓடி வரவில்லை. கையில் ஜாதிக்காய்ப் பொட்டலம். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

கையைப் பிடித்து அவரைப் படகுக்குள் இழுத்துப்போட்டாள். கரையில் பெண்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காது கேக்கலியா உங்களுக்கு? போட் போயிருந்தா என்னத்தச் செய்ய?"

அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். அதன் முடிச்சைச் சரிபார்த்தார்.

"மொதத் தடவையே கேட்டுது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரியம்தான் வந்தது. இத்தனை வருடம் வாய் திறந்து கேட்காமலே இருந்துவிட்டாரே இந்த மனிதர்.

படகு துறையை விட்டு விலகியது. எஞ்சின் சத்தம் பெரிதானது.

கடலைப் பார்த்தபடி, மெல்ல, இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அவர் திரும்பவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அவளும் அவசரப்படவில்லை. கரை சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.