மாப்பிள்ளையின் எடை

"மாப்பிள்ளைக்கு யாரு திருட்டுத்தனமா சோறு போடுறது?"

கேட்டவர் கால்நடை டாக்டர். மாப்பிள்ளை என்பது பூனை. அடிபட்டது, அநாதையானது, வீட்டில் வேண்டாம் என்று விட்டுப்போனது என்று எழுபது பூனைகள் இருந்த காப்பகம் அது. மற்றவை எல்லாம் கூண்டுகளில் இருக்க, இது ஒன்று மட்டும் ஏழு வருஷமாக இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகும், வரும். எல்லாரும் ஓடி ஓடிக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அந்தப் பெயர். பெயர் வைத்த அன்றே 'அது', 'அவர்' ஆகிவிட்டது.

வேலை வெட்டி இல்லாதவர் என்று சொன்னால் பாவம். காலையில் கூண்டு வரிசை முழுக்க ஒரு நடை போய் ஆள் எண்ணிவிட்டு வருவார். பிறகு வருகைப் பதிவேட்டின் மேல் படுத்துக்கொள்வார். கையெழுத்துப் போட வந்தவர்கள் அவர் எழுந்திருக்கும்வரை பேனாவோடு நிற்பார்கள். புதிதாக வந்த பூனை பயந்து மூலையில் ஒடுங்கினால், அதன் கூண்டுக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். மறுநாள் அது சாப்பிட ஆரம்பிக்கும். டாக்டர் ஊசி போட்டும் நடக்காத காரியம் இது.

சனிக்கிழமை எடை பார்க்கிற நாள். மற்ற பூனைகள் தராசுத் தட்டில் உட்காரும். மாப்பிள்ளை உட்கார மாட்டார், கூடையில் வைத்தால் கடிப்பார். அதனால் டாக்டரே அவரைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் எடை பார்க்கும் மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்துவிட்டு மிச்சத்தை அட்டையில் எழுதுவார். போன வருஷம் நாலு கிலோ. பிறகு ஐந்து, ஆறரை. வேளைக்கு அரைக் கிண்ணம்தான் என்று உத்தரவு போட்டார். எடை ஏழரை ஆனது. கால் கிண்ணமாக்கினார். இன்றைக்கு எட்டேகால்.

சமையலறைச் சாவி ஒருத்தரிடம்தான் இருந்தது. பூனைகளுக்குக் கோழியும் மீனும் வேகவைக்கும் சமையலம்மாவிடம்.

"நான் யாருக்கும் திருட்டுத்தனமாப் போடலை சார்" என்றார் அவர்.

"அப்ப காத்தைக் குடிச்சே எட்டேகால் கிலோ ஆயிட்டாராம்மா?"

மாப்பிள்ளையைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறார், புசுபுசுவென்று தெரிவதெல்லாம் முடிதான், முதுகெலும்பு கையில் இடிக்கிறது என்று சமையலம்மா மன்றாடிப் பார்த்தார்.

"கைக்குத் தெரியாதும்மா. மெஷினுக்குத்தான் தெரியும்."

சொல்லிக்கொண்டே டாக்டர் வெண்ணெய் ரொட்டியை டீயில் தோய்த்தார். தனியாக இருக்கிற மனுஷன், கடைப் பொட்டலத்தைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று சமையலம்மாதான் தினமும் இரண்டு வேளை ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைப்பார். திட்டு வாங்கிய அன்றும் வைத்தார். சாப்பாட்டில் கோபத்தைக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது.

விஷயம் நிர்வாகி மேடத்திடம் போனது. ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் எடை இறங்காவிட்டால் மாப்பிள்ளையைத் தனி அறையில் வைத்துப் பூட்டிவிடுவது, சமையலம்மாவைச் சலவைப் பக்கம் மாற்றிவிடுவது.

அந்த வாரம் சமையலம்மா ஒரு பருக்கை கூட அதிகம் போடவில்லை. மாப்பிள்ளை காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து அவர் காலடியில் விடுவார். சமையலம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வார். வியாழக்கிழமை புதிதாக ஒரு குட்டி வந்து கத்தோ கத்தென்று கத்தியது. மாப்பிள்ளை போய் உட்காரவில்லை. சமையலறைச் சாக்கிலேயே சுருண்டு கிடந்தார். வெள்ளிக்கிழமை எழுந்தார். நேரே போய், வெண்ணெய் வாசம் அடித்த டாக்டர் கையைக் கடித்துவைத்தார்.

சனிக்கிழமை டாக்டரின் வலது கையில் பெரிய கட்டு. மாப்பிள்ளையைத் தூக்க முடியாது. மேடமே தூக்குகிறேன் என்றார். ஆனால் முதலில் தன் எடையைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதை வேறு யாரும் பார்க்கக் கூடாது.

"ரெண்டு பேரும் செவுத்தைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றார்கள். சமையலம்மா முந்தானையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மெஷின் இரண்டு தடவை 'டிக்' என்றது. மேடம் குனிந்து முள்ளைப் பார்த்தார். மூன்றாம் தடவையும் ஏறிப் பார்த்தார்.

"மூணேகால்."

டாக்டர் சிரித்தார். மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்றார்.

"அப்ப நீங்க தனியா ஒரு தடவை ஏறுங்க, பார்க்கலாம்" என்றார் மேடம்.

டாக்டர் ஏறினார். முள் ஆடி, அறுபத்தேழில் போய் நின்றது.

"இத்தனை நாளா உங்க எடைன்னு எவ்வளவு கழிச்சீங்க?"

"அறுபத்திரண்டு."

"அது எப்ப பார்த்தது?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு" என்றார் டாக்டர், மெஷினைப் பார்த்தபடி.

சமையலம்மா உள்ளே போனார். மாப்பிள்ளைக்கு ஒரு கிண்ணம் நிறையக் கோழியைப் போட்டுவிட்டு வந்து, டாக்டர் மேஜையில் இருந்த வெண்ணெய் ரொட்டித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார், யாருக்கும் திருட்டுத்தனமாப் போடலைன்னு. உங்களுக்குக்கூட எல்லார் எதிரிலயும்தானே போட்டேன்."