தட்டிப் பார்க்கும் கை

சூளையில் வெந்த பொம்மைகளை விரல்முட்டியால் தட்டி, மந்தமாக ஒலிப்பதை உடைசல் குவியலில் எறிவதுதான் விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் செசிலியின் வேலை. இப்போது ஸ்கேன் அறையின் அரையிருட்டில், மூச்சிரைக்கப் படுத்திருக்கும் கணவன் சவரிமுத்துவின் வீங்கிய காலைப் பிடித்தபடி நிற்கிறாள். அவள் விரல் அழுத்திய இடம் பச்சைக் களிமண்போலப் பள்ளமாகவே நிற்கிறது. திரையில் அவன் இதயம் சாம்பல் நிறத்தில் துடிக்கிறது. “நுரையீரல் ரத்தக்குழாயில பிரஷர் ஏறிப்போச்சும்மா. அதை எதுத்துத் தள்ளித் தள்ளியே வலப்பக்கம் வீங்கி, நடுச்சுவரை இடப்பக்கமா நெருக்குது” என்கிறார் டாக்டர். “இடப்பக்கம் நல்லாத்தானங்க இருக்குது?” “நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுல ரத்தம் ரொம்பறதுக்கு எடமில்ல.” பழக்கத்தில் மடிந்த அவள் விரல்முட்டி, சட்டையில்லாத அவன் மார்பை நோக்கிப் போகிறது. சவரிமுத்து அந்தக் கையை எட்டிப் பிடிக்கிறான். “தட்டிப் பாத்துடாத, செசிலி.”