திட்டுவதற்கு ஒரு ஆள்

"யோவ், நீயெல்லாம் மனுஷனாய்யா? மறுபடியும் நின்னு போச்சுய்யா உன் டேட்டாபேஸ்!"

மெத்தை கம்பெனி முதலாளி போனில் கத்திய கத்தலில் அறையின் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. "என் தப்புதான் சார். மன்னிச்சிடுங்க சார். இதோ பார்க்கிறேன் சார்" என்று மறுமுனையில் குழைந்தது ஒரு குரல்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள் சிஸ்டம் மேடம். அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் அழைப்பார்கள். ஆர்டர், சரக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் சேமித்து வைக்கும் அந்த டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

போன வருஷம் முதலாளியின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெரிய கம்பெனி விற்கும் டேட்டாபேஸ். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். இன்னொன்று, பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ்.

"நமக்கு ஓப்பன் சோர்ஸே தாராளம் சார்."

"சும்மா கிடைக்கிறதா? அது கெட்டுப்போனா நான் யாரைத் திட்டுறது?"

"உதவி செய்ய உலகம் முழுக்க ஆள் இருக்காங்க சார்."

"அவங்களைத் திட்டலாமா?"

"திட்டினா பதில் போட மாட்டாங்க சார்."

"அப்ப வேண்டாம்."

பெரிய கம்பெனியின் விற்பனையாளர் வந்தார். "கோல்டு திட்டம் எடுத்தா ராத்திரி பகல் எப்ப வேணா திட்டலாம் சார். சில்வர்னா ஆபீஸ் நேரத்துல மட்டும்" என்றார். முதலாளி சொக்கிப் போனார்.

அவள் விடவில்லை. ஓப்பன் சோர்ஸைப் பராமரித்துத் தர ஒரு சின்ன கம்பெனியைத் தேடிப் பிடித்தாள். முதலாளி அங்கே போன் போட்டு, காரணமே இல்லாமல் திட்டிப் பார்த்தார். "என் தப்புதான் சார்" என்றது அந்தக் குரல்.

"இவன்தான்யா ஆளு!" என்று அன்றே கையெழுத்துப் போட்டார்.

முதல் மூன்று மாதம் பிசகே இல்லாமல் ஓடியது. அப்புறம்தான் வினை. தினமும் காலையில் ஒரு தடவை நின்றது. அவள் சர்வர் அறைக்கு ஓடுவதற்குள் தானாகவே சரியாகிவிடும். எங்கே குடைந்தும் கோளாறு அகப்படவில்லை.

இன்று திட்டி முடித்து வெளியே வந்த முதலாளியின் முகம் தெளிந்திருந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று அன்பாக விசாரித்தார். "நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அவங்களோடது நிக்கவே நிக்காதாம். உன் வேலையைப் பத்தி அப்புறமா பேசுவோம்" என்று புன்னகையோடு நகர்ந்தார்.

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அந்தப் பெரிய கம்பெனிக்காரர்தான் ஆள் வைத்து ஏதோ செய்கிறாரோ?

மறுநாள் காலையில் சர்வர் அறைக்குள், மூலையில் சாய்த்து வைத்திருந்த சாம்பிள் மெத்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கதவு மெல்லத் திறந்தது. உள்ளே வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார்.

முதலாளியின் மனைவி.

"மேடம்! நீங்களா?"

அந்த அம்மாள் பதறவில்லை. "கத்தாதேம்மா. மூணு மாசம் இது நிக்காம ஓடுச்சே, அப்ப வீட்ல என்னையும் இங்க மத்தவங்களையும் மனுஷன் வறுத்தெடுத்துட்டார். இப்ப எல்லாத்தையும் போன்ல கொட்டிடறார். நாங்க நிம்மதியா இருக்கோம்."

"அந்தப் போன்காரர் பாவமில்லையா?"

"அவருக்கு எல்லாம் தெரியும். மாசம் ஒரு மெத்தை அனுப்பிடறோம்."

"சார் இன்னைக்குப் பெரிய கம்பெனியோடதை வாங்கப் போறாரே?"

"நிக்கவே நிக்காததை வாங்கிட்டு நாங்க சாகவா? செக்குல நானும் கையெழுத்துப் போடணும். போட மாட்டேன்."

தூரத்தில் முதலாளி கத்தத் தொடங்கினார். அந்த அம்மாள் ஒயரைப் பழையபடி செருகினார்.

"அப்ப இத்தனை நாளும் நீங்கதானா மேடம்?"

"எனக்கேதும்மா அவ்வளவு நேரம்? வியாழக்கிழமை மட்டும்தான் என் முறை. மத்த நாளைத் தையல்காரங்க, டிரைவர், வாட்ச்மேன் எல்லாரும் பிரிச்சுக்கிட்டாங்க. சனிக்கிழமை பார்க்கிற மேனேஜர்தான் அடுத்த மாசம் ரிட்டையர் ஆகறார். அந்த நாளை நீ எடுத்துக்கறியா?"