மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு

மிச்சம் என்ற ஊரின் தேவாலய மண்டபத்தில், பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெரோசன் ஒரு கடிதத்தை நீட்டினான்.

"அண்ணை, நீங்கள் எழுதின முறைப்பாட்டுக்குப் பதில் வந்திருக்கு."

அருள்நேசன் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜெரோசனின் அகதி வழக்கை விசாரித்த நீதிபதி, பதினாறு மாதமாகியும் தீர்ப்புச் சொல்லவில்லை. 'அவருக்கு மேலயும் ஒருத்தர் இருப்பார்தானே' என்று, அந்த நீதிமன்றத்தை மேற்பார்வை செய்யும் தலைமை நீதிபதிக்கே எழுதிப் போட்டவர் அருள்நேசன்.

"பாத்தியே! சுணங்கினதுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கினம். அந்த ஆளிட்டயிருந்து வழக்கையும் பறிச்சுப்போட்டினம்! எழுதினால்தான் அசைவினம் எண்டு நான் சொன்னனான்தானே?"

"மற்றப் பக்கத்தையும் வாசியுங்கோ, அண்ணை."

அவர் தாளைத் திருப்பினார்.

"புது நீதிபதி முதலில இருந்து விசாரிப்பார்... சாட்சியளும் திரும்ப நேரில வரவேணும்... வரட்டுமன்! நடந்த உண்மையைத்தானே சொல்லப்போறியள். ஒருக்காச் சொன்னதை இன்னொருக்காச் சொல்ல ஏலாதே?"

"எனக்கு ஏலும், அண்ணை."

ஜெரோசன் மண்டபத்தின் முன்பக்கத்தைப் பார்த்தான். அருள்நேசனும் திரும்பினார். அவர் கையிலிருந்த கடிதம் மெல்லத் தாழ்ந்தது.

மன்னாரில் ஜெரோசனை இராணுவம் பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி டெனிஸ் மாஸ்ரர். மெழுகுதிரிகளுக்கு நடுவே, மாலை போட்ட படத்தில் அவர் இருந்தார். அன்றைய பூசையே அவருடைய முப்பத்தோராம் நாளுக்குத்தான்.