மேசைக்கு மேலே ஒரு படம்

தொண்டு நிறுவனத்தின் ஆஸ்திரேலிய மேலாளர், நிஜ ரக்பி வீரர்களைத் தேர்ந்து அணி சேர்த்து, அவர்களின் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் போட்டியொன்றை அலுவலகத்தாருக்குக் கணினியில் நடத்தினார். மூன்றாவது வாரமும் தனுஷியாவே முதலிடம். சிவதர்ஷனுக்கு வயிறு எரிந்தது. அவனுடைய மேசைக்கு மேலே, சுனாமி முகாமில் அவன் அரிசி மூட்டை சுமக்கும் பத்திரிகைப் படம் தொங்கியது.

“ரக்பியே தெரியாத உனக்கு எப்பிடிகா நல்ல முன்வரிசைக்காரனுகள் அம்பிடுறானுகள்?”

“பந்தோட ஓடுறவன நான் பாக்கிறல்ல. பந்து இல்லாத நேரம் ஆர் ஓயாம ஆள மறிக்கிறான் எண்டு எண்ணுவன்.”

“எங்க பழகின நீ?”

“சுனாமி முகாமிலதான். அங்க வேலைக்கு நிண்ட கோணாமலை அண்ணன் நாப்பது மூட்டை இறக்கினார். நீங்க ஒண்டு தூக்கினீங்க.”

“பக்கத்தில நிண்டு எண்ணின மாதிரிக் கதைக்கிறாய்.”

“ஓம். அந்தப் படத்த எடுத்தது நான்தானே.”