பலகைக்கு அப்பால்

ஞாயிற்றுக்கிழமை காலை. தூண்டிலில் சிக்கிய மீன் இழுத்த இழுப்பில் சிங்கப்பூரின் சிராங்கூன் ஆற்றங்கரையோரம் நடந்துகொண்டே போன கார்மேகம், 'இங்கு மீன் பிடிக்கக் கூடாது' என்று நான்கு மொழிகளில் எழுதிய பலகையைத் தாண்டிவிட்டதை அப்போதுதான் கவனித்தான்.

அதற்குள் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். திரும்பினான். கைப்பேசியும் கையுமாக சிங்கப்பூர்த் தமிழ் அம்மா ஒருவர்.

புகார் போனால் வொர்க் பெர்மிட் காலி. அடுத்த விமானத்தில் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"தம்பி, தூண்டில் நரம்ப அறுத்து விடுங்க! மீனை வெளிய எடுக்காதீங்க!"

"அக்கா, தெரியாம வந்துட்டேன்க்கா. மீன் இழுத்துட்டு வந்துருச்சு."

"அறுங்கன்னு சொல்றேன்லா!"

அவன் பையில் கத்தியைத் தேடி எடுப்பதற்குள் மீனே துள்ளிக் கரையில் விழுந்தது. கடைகளின் கண்ணாடித் தொட்டிகளில் மட்டுமே அவன் பார்த்திருந்த, விலை உயர்ந்த சிவப்பு அரோவானா மீன்.

கார்மேகம் அழாத குறையாகக் கும்பிட்டான். "ஃபோன் பண்ணிடாதீங்கக்கா. பொழப்பே போயிடும்."

அந்த அம்மாவின் உதடுகள் வெளுத்திருந்தன.

"நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. வீடு மாறுறோம், தொட்டி வைக்க இடமில்லன்னு நேத்து நான்தான் இதை ஆத்துல விட்டேன். வளர்த்த மீனை விட்டா பெரிய ஃபைன். ஆஃபிசர் கையில மாட்டுச்சுன்னா, அது உடம்புக்குள்ள இருக்கற மைக்ரோசிப் நம்பர வச்சு, வாங்குனது யாருன்னு பார்த்து நேரா என் வீட்டுக்கு வந்துடுவாங்க லா!"