ஆரஞ்சுச் சுளை

அப்பாவின் கால்சட்டையை டாக்டர் மேலே ஏற்றியதும் கன்றிப்போன நீலத் திட்டுகள் தெரிந்தன.

மகள் திரும்பி வாசலோரம் பார்த்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்திருந்த அம்மாள் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வேலைக்கு வந்த நாளில், சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள். மறுபேச்சே கிடையாது. அவளை நம்பித்தான் மகள் ஒன்றரை வருடமாக வெளியூரில் வேலை பார்க்கிறாள்.

முதலில் கையில் ஒரு திட்டு. கட்டிலில் இடித்துக்கொண்டாராம். அடுத்து தொடையில். அதற்கும் கட்டில்தானாம்.

போன மாதம் ஈறில் ரத்தம். கட்டில் வாய்க்குள்ளும் போகுமா என்ன?

மகளுக்குச் சந்தேகம் தட்டியது. ஊருக்கு வந்தபோது யாருக்கும் தெரியாமல் அலமாரியில் கேமரா வைத்தாள்.

மூன்றே நாளில் அந்த அம்மாள் கையும் களவுமாகச் சிக்கினாள். பக்கத்து வீட்டார் கொடுத்த ஆரஞ்சில் ஒரு சுளையை அப்பா வாய்க்குக் கொண்டுபோகிறார். இவள் அவர் விரல்களைப் பிரித்து அதைப் பிடுங்குகிறாள். அப்பா குழந்தை மாதிரி அழுகிறார்.

அதைப் பார்த்ததும் மகள் ஓடிவந்து அப்பாவை டாக்டரிடம் கூட்டிவந்துவிட்டாள். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேரே போலீஸ் ஸ்டேஷன்தான்.

டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார்.

“இது அடி இல்லம்மா. வைட்டமின் சி சுத்தமா இல்ல, அதான் ரத்தம் தானா கசியுது. மாசக்கணக்கா பழமோ நல்ல காயோ எதுவுமே உள்ள போகல. அப்படி என்னதான் குடுத்தீங்க?”

அடிக்கவில்லையா? அப்படியென்றால் பட்டினி போட்டிருக்கிறாள். அடியைவிட மோசம்.

“அவங்களையே கேளுங்க டாக்டர்.”

அந்த அம்மாள் எழுந்து வந்தாள். கைப்பையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்ததன் பசை நான்கு மூலையிலும் காய்ந்திருந்தது.

டாக்டர் வாய்விட்டுப் படித்தார். கிட்னி கெடாமல் இருக்க, யூடியூப் வீடியோவில் சொன்னது. காயை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டவும். கீரை, தக்காளி, எலுமிச்சை வேண்டாம். பழம் கூடவே கூடாது.

கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். அதைப் படிக்காமல் தாளை மகள் பக்கம் திருப்பி வைத்தார்.

‘அப்பா கேட்டு அழுவாங்க. அழுதாலும் ஒரு சுளைகூடக் கொடுத்துடாதீங்க.’